பின்னால் ஏறும் பாரம்

முதல் கேரியர் கடைக்குள்ளேயே வளைந்துவிட்டது.

மணல் சாக்கை அதன்மேல் வைத்துக் கையை எடுத்ததும், கம்பி அப்படியே மட்கார்டின்மேல் படுத்துக்கொண்டது.

"இது சீமைச் சாமானாக்கும். பள்ளிக்கூடத்துப் புஸ்தகம் ரெண்டு தாங்கும். ஆளு தாங்காது," என்றார் முகம்மது ஹனீபா. தக்கலைச் சந்தைக்குப் போகிற வழியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர்.

எதிரே நின்ற ரசலையனின் முகம் விழுந்துபோனது. பனையேறி அவன். தோளும் நெஞ்சும் அடித்துச் செய்தது போல இருக்கும்.

அவனுக்கு வேண்டியது ஆள் உட்கார்ந்து போகிற கேரியர். அதுவும் வண்டிச் சாலையில் அல்ல. குலசேகரம் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்கு ஏறும் பாறைப் பாதையில்.

அவன் மனைவி நேசபாய் மிஷன் ஆஸ்பத்திரியில் பேறு பார்க்கப் படித்தவள். தோட்டத்துக் கூலிக்காரர் லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்கு நாள் நெருங்கியிருந்தது. முன்பு அந்தப் பெண்ணின் தலைப்பேற்றுக்கு ரசலையனும் நேசபாயும் நடந்தே போனார்கள். போய்ச் சேர்ந்தபோது தாய் இருந்தாள், பிள்ளை இல்லை.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது.

காட்டு வழியில் ஒரு பெண்ணைத் தனியே அனுப்ப ஆஸ்பத்திரியில் சம்மதிக்க மாட்டார்கள். புருஷன் கூடப் போக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம். மற்ற இடமெல்லாம் ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் உட்கார்ந்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

சைக்கிள் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அம்மை நேசபாய்க்கு விட்டுப்போனது. இல்லாதது கேரியர்தான்.

ஹனீபாவுக்கு ஒரு சங்கடம். உட்காருகிற ஆளின் கனம் தெரிந்தால்தானே எந்தக் கேரியர் என்று சொல்ல முடியும்?

நேசபாய் எதிரே பூவரச மரத்தடியில்தான் நின்றாள். ஒரு பார்வை பார்த்தால் போதும். ஆனால் அன்னியப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் ஹனீபாவுக்கு இல்லை. இன்னொருவன் வீட்டுக்காரியின் கனத்தை வாய்விட்டுக் கேட்பதா? அதற்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம்.

அதனால் ஓலைப்பெட்டியால் அள்ளிச் சாக்கில் மணலைப் போட்டு, அளவை அவனையே சொல்லச் சொன்னார்.

"மூணு பெட்டி மணலு கெடக்கு. போருமாவே?"

"இன்னும் ரெண்டு பெட்டி போடும், முதலாளி."

"இன்னுமா!"

"போடும். தாங்கணும்லா?"

ஹனீபா போட்டார். அந்தப் பெண் அத்தனை கனமா என்று மனம் தன்பாட்டுக்கு நினைத்துவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்து, தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார் பாவம்.

இரண்டாவது கேரியர் பலகை போல அகலம். மீன்காரர்கள் கூடை வைத்துக் கட்டுவது. கடைக்குள் நின்றது. தெருவில் ஓட்டிப் பார்த்தபோதும் நின்றது. குளத்தங்கரைக் கல்லில் ஏறி இறங்கியதும், ஒரு கால் முறிந்து மூட்டை சரிந்தது.

ரசலையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அங்க இதவிடப் பெரிய கல்லு, முதலாளி."

ஹனீபா கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளறைக்குப் போய் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்தார்.

கருப்புக்கட்டி வியாபாரி ஒருவருக்காகக் கொல்லனிடம் சொல்லி அடித்தது. பக்கத்துக்கு இரண்டாக நாலு கால். நாலும் பின்சக்கரத்து அச்சில் வந்து இறுகும். சுண்டுவிரல் பருமனில் கம்பி. அழகு என்று பெயருக்குக்கூட இல்லை.

"கண்டா மாட்டுவண்டிக்க கழிச்ச சாமான்னு சொல்லுவினும். பரவாயில்லியா?"

"அழகு பாத்து எனக்கு என்னத்துக்கு? மாட்டும்!"

மாட்டினார்கள். மூட்டையை ஏற்றி ஹனீபாவே மிதித்தார். அதே கல்லில் ஐந்து தடவை ஏறினார், ஐந்து தடவை இறங்கினார்.

ஒரு நட்டுகூட அசையவில்லை.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. ரசலையனுக்கோ, காலையிலிருந்து நெஞ்சுக்குள் பிடித்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். மணல் ஒட்டிய அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"செரி, செரி, போவும்வே. மெதுவா மிதிக்கணும். பின்னால ஆளிருக்குங்கிய நெனப்பு வேணும், கேட்டீரா?" என்றார் ஹனீபா, தலை தாழ்த்தியபடியே.

ரசலையன் தலையைச் சொறிந்தான்.

சைக்கிளை வாசலுக்கு இறக்கினார்கள். ஹனீபாவின் தாழ்ந்த கண்ணுக்குச் சக்கரங்களும் மண்ணும் மட்டும் தெரிந்தன.

கணுக்காலுக்கு மேலே இழுத்துச் செருகிய சேலை ஒன்று வந்தது. மெலிந்த, சின்னப் பாதம் ஒன்று பெடலை மிதித்து நிறுத்திக்கொண்டது.

பிறகு, மரத்தில் உரசி உரசிக் காய்த்துப்போன இரண்டு பெரிய பாதங்கள் கேரியரின் இரு பக்கமும் வந்து தொங்கின.

சைக்கிள் நகர்ந்தது.

ஐந்து பெட்டி மணலின் கனத்துக்குக் கேரியர் ஒரு முனகல்கூட முனகவில்லை. சத்தம் எல்லாம் அதன்மேல் இருந்தவனுடையதுதான்.

"ஏட்டி, மெள்ள! கல்லு வருது, மெள்ளட்டி!"

"நாப்பது பனை ஏறுகிய ஆளு! கண்ணத் தொறந்துட்டு இரியும். அங்க ஒருத்தி நமக்காகப் பல்லக் கடிச்சிட்டுக் கெடப்பா!"

நேசபாய் வேகத்தைக் குறைக்கவே இல்லை.