ரெட்டைச் சடைக்காரி

"உம் பொண்ணு போன்ல இஸ்கூல் பசங்களைப் போட்டு சாத்து சாத்துனு சாத்துறா. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

வாயில் கடித்திருந்த பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள் நாகம்மாள்.

ஏரித் தண்ணீரில் மண்டிபோட்டு இறால் தடவிக்கொண்டிருந்த ரோஸ்மேரி நிமிர்ந்தாள். அவள் வாயிலும் பறி. பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைக்கூடை. இரண்டு கையும் சேற்றைத் தடவ வேண்டும் என்பதால் அதைப் பல்லில்தான் கடித்துக்கொள்வார்கள். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே ரோஸ்மேரிக்கு அந்த வேலை பிடிக்கும்.

"பள்ளிக்கூடத்துக்குள்ளயே நடக்குற சண்டையாம்டி. எம் மருமவ பார்த்திருக்கா. ஒருத்தியை ஒருத்தி பெஞ்சு மேல தள்ளுறாளுங்களாம். ஒம்போதாவது படிக்கிற பொண்ணு ஆடுற ஆட்டமா அது? இன்னைக்குப் போன்ல அடிப்பா, நாளைக்குக் கிளாஸ்ல அடிப்பா. டிசி குடுத்து அனுப்பிட்டா இன்னா பண்ணுவ? மொதல்ல அந்த ஆட்டத்தை அழிச்சிடு."

ரோஸ்மேரி குடும்பத்தில் ஒன்பதாவது வரை போன முதல் ஆள் மகள் சோபியாதான்.

கரையேறியதும் வலை பிரித்துக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள்.

"நீயே ஒரு தபா பாரு. சரின்னா விடு, தப்புன்னா அழிச்சிடு" என்றான் ஜேம்ஸ்.

"நானா? நாலாவதோட நின்னவ நான். நான் இன்னாத்தைக் கண்டேன்?"

"அம்மாதானே நீ?"

வீட்டில் சோபியா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ரோஸ்மேரி சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தாள்.

போனுக்குள் ஒரு பள்ளிக்கூடம். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு போகிறாள். மூன்று பெண்கள் வந்து வழியை மறிக்கிறார்கள். ஒருத்தி பையை எட்டி உதைக்கிறாள். ஒருத்தி சடையைப் பிடித்து இழுக்கிறாள்.

ரோஸ்மேரியின் கை தானாகத் தன் பின்னந்தலைக்குப் போனது.

"இன்னாடி இது கண்றாவி?"

சோபியா தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். "கேம்மா."

"பள்ளிக்கூடம்னா படிக்கிற இடமா, அடிச்சிக்கிற இடமா?"

"நிஜத்துலயும் அடிச்சிக்கிறாங்களேம்மா."

ரோஸ்மேரிக்குக் கோபம் வந்தது.

"குடு அதை. எங்க தொட்டா அழியும்?"

"ம்மா, வேணாம்மா! இவ பத்தாவது வரைக்கும் வந்துட்டா. பரீட்சை மட்டும் எழுதிட்டா முடிஞ்சிடும். அப்புறம் நானே அழிச்சிடுறேன்."

"சண்டைக்காரிக்குப் பரீட்சை ஒரு கேடா? குடுடி!"

சோபியா கண் கலங்கப் போனை நீட்டினாள். "இதோ, இந்தக் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடணும்."

ரோஸ்மேரி தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினாள். ம்ஹூம். காலையிலிருந்து தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன விரல். இறால் கொம்பு கீறிய கோடுகள் வேறு. போன் அவளை மதிக்கவே இல்லை.

"உன் போனுக்குக்கூட என்னைக் கண்டா இளக்காரம்தான்."

அழுகைக்கு நடுவே சோபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஈர வெரலை எடுக்காதும்மா. தொடைச்சிட்டுத் தொடு."

முந்தானையில் அழுந்தத் துடைத்துவிட்டு மறுபடி விரலை வைத்தாள். வைத்தவள் பழக்க தோஷத்தில் மெதுவாகத் தடவினாள். அமுக்கினால் இறால் துள்ளி ஓடிவிடும் அல்லவா? குப்பைத்தொட்டி மறைந்து ஆட்டம் திறந்துகொண்டது. ரெட்டைச் சடைக்காரி அந்த மூன்று பேருக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனாள்.

"அய்யய்யோ, நடக்குறாடி!"

"நீதாம்மா நடத்துற! அப்படியே தடவிகினே போ. கிளாசுக்குள்ள விட்டுடு."

"திருப்பி அடிக்க வேணாமா?"

"தப்பிச்சிப் போவ முடிஞ்சா எதுக்கு அடிக்கணும்? நான் ஓடத்தான் பார்ப்பேன். மாட்டிக்கினா மட்டும் தள்ளிவிடுவேன்."

ரெட்டைச் சடைக்காரி வகுப்புக்குள் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரோஸ்மேரி இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டாள். அப்போதுதான் அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருப்பதைப் பார்த்தாள்.

"இது இன்னா?"

சோபியா தரையைப் பார்த்தாள். "அவ பேரு. ஆரம்பிக்கும்போது நாமதான் வைக்கணும்."

"இன்னா பேரு வச்ச?"

"ரோஸ்மேரி."

ரோஸ்மேரி மகளைப் பார்த்தாள்.

"பிலோமினா பெரியம்மா சொன்னாங்கம்மா. படிப்பு ஏறலைன்னு நீ நிக்கலையாமே? நண்டு நாத்தம் அடிக்குதுன்னு மூணு பொண்ணுங்க சேர்ந்து இஸ்கூல் தண்ணிக் குழாய்க்குப் பின்னால வச்சி, சடையைப் பிடிச்சி இழுத்து அடிச்சாங்களாமே? அப்புறம்தான் நீ அந்தப் பக்கமே போவலையாமே?"

ரோஸ்மேரி வாயில் பறி இருப்பது போல நின்றாள்.

"எந்த கிளாஸ்ல ஆரம்பிக்கணும்னு கேட்டுச்சு. நாலுன்னு போட்டேன். அங்கேர்ந்து ஒவ்வொரு கிளாசா உன்னைக் கூட்டிகினு வந்துட்டேம்மா. இப்போ அழிச்சா நீ மறுபடியும் நாலாவதுக்கே போயிடுவ."

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ரோஸ்மேரி. திரை மங்கலாகத் தெரிந்தது. அதைத் துடைத்தாள். மங்கல் போகவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் நாகம்மாளின் குரல். "இன்னாடி சோபியாம்மா, அழிச்சிட்டியா, இல்லியா?"

எப்போதும் யார் காதிலும் விழாமல் பேசுகிற ரோஸ்மேரி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அப்புறமா அழிக்கிறேன்க்கா... எனக்குப் பரீட்சை இருக்குது!"