ஓணான் தலையாட்டாத சாயங்காலம்

இலவமரத் தோப்பில் டிஜே என்றால் மரங்கொத்திதான். தன் வீடான பொந்துக்கு மேலேயே உட்கார்ந்து அலகால் ஒரே சீராகத் தாளம் போடுவதால், அது வாசிப்பதை எல்லோரும் ஹவுஸ் மியூசிக் என்பார்கள். குளத்துத் தவளையும் அடிக்குரலில் சேர்ந்துகொண்டால் தோப்பே ஆடும்.

ஆனாலும் மரங்கொத்தியின் கண்ணெல்லாம் ஓணான் மேல்தான். யார் வாசித்தாலும் ஓணான் தலையாட்டுகிறதா என்று பார்த்துத்தான் அணில் ஊரெல்லாம் சேதி சொல்லும். அந்தச் சேதியை நம்பித்தான் அடுத்த வாரம் கூட்டம் வரும்.

அன்று மரங்கொத்தி, மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்த புதுத் தாளத்தை வாசித்தது. முயல்கள் குதித்துக் குதித்து ஆடின. ஓணான் மட்டும் கடைசிவரை கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

"போச்சு! ஓணானுக்குப் பிடிக்கலை" என்று அணில் சேதி சொல்லக் கிளம்பியது.

மரங்கொத்தி கீழே பறந்து வந்து, "அண்ணே, நல்லா இல்லையா?" என்று கேட்டது.

ஓணான் திடுக்கிட்டு நிமிர்ந்தது. "தலையாட்டுறது எங்க குடும்பத்துப் பழக்கம், தம்பி. பாட்டு இருந்தாலும் ஆட்டுவேன், இல்லாட்டியும் ஆட்டுவேன். இன்னிக்கு உன் தாளத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேனா, ஆட்டவே மறந்துட்டேன். இன்னொரு தரம் வாசிக்கிறியா?"

மரங்கொத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிளைக்குப் பறந்துபோய்த் தாளத்தை முதலிலிருந்து எடுத்தது. அதைக் கேட்டுப் பாதி வழியிலேயே நின்ற அணில், யாரையும் பார்க்காமல், வாலைத் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது.