ஒரு போத்தல் பிஸ்கட்

நானூற்று முப்பது வெள்ளி. பாசிர் பெனம்பாங் பாலத்தின் மேல் மோட்டாரை ஓட்டிக்கொண்டே காளியண்ணன் அந்தத் தொகையை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். சட்டைப் பையில் இருந்தது ஏழு வெள்ளி.

காலையில் கிளம்பும்போதே மனைவி நவமணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அடுத்த மாசம் நம்ம புள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது. உடுப்பு, சப்பாத்து எல்லாம் வாங்கணும். அதுக்குள்ள அன்னம்மாகிட்ட அந்தக் கணக்க முடி. முடிக்காம இந்தப் பக்கம் வந்துறாத."

தீபாவளிக்குள் முடிப்பதாகத்தான் பேச்சு. தீபாவளி போய், நாளை மறுநாள் கிறிஸ்மஸே வரப்போகிறது. மூன்று தடவை அன்னம்மா வீட்டு கேட் வரைக்கும் போய், பேச வாய் வராமல் திரும்பியிருக்கிறான். செம்பனைக் குலை வெட்டுகிற கைக்கு இருக்கிற தைரியம் அவன் நாக்குக்குக் கிடையாது.

கேட்டில் மோட்டாரை நிறுத்தியதும் வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்த ரேடியோ சட்டென்று நின்றது. இரண்டு முறை கூப்பிட்டான். மூன்றாவது முறைக்குத்தான் கதவு திறந்தது.

"அட, நீங்களாண்ணே! வாங்க, வாங்க." அன்னம்மாவின் முழங்கை வரைக்கும் மாவு.

"அன்னம்மா, அந்த..."

"மொதல்ல உள்ள வந்து தேத்தண்ணி குடிங்கண்ணே."

அடுப்படி கொதித்தது. மேசை மேல் பளபளவென்று புது ஓவன். அதைப் பார்த்தவன் உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல்கள், பாதிக்கு மேல் காலி.

"இருபது போத்தல் பட்டர் பிஸ்கட்ணே. சர்ச்சுல எல்லாரும் முன்பணம் குடுத்துட்டாங்க, அஞ்சு மணிக்கு எடுக்க வராங்க. வாங்குன காசு இவரு மருந்துக்கே போயிருச்சு. இப்பப் பாத்து பிழியிற மிசின் ஒடைஞ்சிபோச்சு லா." வெடித்துப்போன பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். "பக்கத்து வீட்டு முறுக்கு அச்ச வாங்கியாந்தேன். மாவு கல்லாட்டம் இருக்கு, எனக்கு அமுக்க முடியலண்ணே."

உள்ளறையில் அவள் புருஷன் இருமினான். லோரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிறவன். இந்த வீட்டில் காசுப் பேச்சை எப்படி எடுப்பது? காளியண்ணன் பித்தளை அச்சைக் கையில் எடுத்தான்.

மாவு நட்சத்திரமாக இறங்கியது. கை தன்பாட்டுக்குச் சுற்றிவிட்டது. தட்டில் அழகாக ஒரு முறுக்கு.

"அண்ணே, தீபாவளி முடிஞ்சிருச்சு!" அன்னம்மா சிரித்துவிட்டாள். "சுத்தக் கூடாது. ஒரு அமுக்கு, ஒரு தூக்கு. பூவாட்டம் வரணும்."

வருசா வருசம் நவமணிக்கு முறுக்குப் பிழிந்து கொடுத்த கை, சொன்னால் கேட்கிறதா? நாலு பூவுக்கு ஒரு முறுக்கு விழுந்தது. அதுகளைத் தனியாகச் சுட்டு ஓரமாக வைத்தாள் அன்னம்மா.

மாவை வெளியே வைத்தால் இளகிப் பூ பரந்தது. ஐஸ்பெட்டியில் வைத்தால் இறுகி அச்சுக்குள் அசைய மறுத்தது. ஒவ்வொரு தட்டு உள்ளே போகும்போதும் அவன் வாயைத் திறந்தான்.

"அன்னம்மா, அந்த நானூத்தி..."

"ஐயோ, தட்டு கருகுதுண்ணே! தள்ளுங்க!"

அடுத்த தட்டுக்கு, "அன்னம்மா, நவமணி என்ன சொல்லிச்சின்னா..."

"அக்கா நல்லா இருக்காங்களாண்ணே? இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிழிங்க."

அஞ்சு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருபதாவது போத்தலுக்கு மூடி விழுந்தது. காளியண்ணன் உள்ளங்கையைப் பார்த்தான். பதினெட்டு வருசம் குலை வெட்டியும் வராத இடத்தில் ஒரு கொப்புளம்.

அன்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் தரையைப் பார்த்தது. "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்ணே. அந்த நானூத்தி முப்பது..."

உள்ளே மறுபடியும் இருமல்.

"இத்தோட கணக்கு நேராயிருச்சின்னு வச்சிக்குவோமாண்ணே?" அவள் கண் கலங்கியிருந்தது.

காளியண்ணன் ஓவனைப் பார்த்தான், இருமல் வந்த அறையைப் பார்த்தான். வீட்டிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. "சரி, அன்னம்மா" என்றான்.

ஓரமாக வைத்திருந்த முறுக்கு பிஸ்கட்டுகளை ஒரு போத்தலில் போட்டு, சிவப்பு மூடியை இறுக்கி அவன் கையில் கொடுத்தாள். "புள்ளைக்குக் குடுங்கண்ணே."

வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள் நவமணி. "கணக்கு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். அதே ஏழு வெள்ளி. போத்தலை வாங்கித் திறந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னய்யா இது?"

"பட்டர் பிஸ்கட். நாந்தான் பிழிஞ்சேன். அன்னம்மாவோட புது ஓவன்ல சுட்டது."

நவமணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஓவன் வாங்கக் கடன் குடுத்ததே நாமதானய்யா!"