கடைசி மடக்கு

காகிதக் கதவின் வெளிச்சம் பாயில் படுத்திருக்கிறது. இரும்புக் கெண்டியில் நீர் மெல்ல இரைகிறது. கானசாவாவுக்குச் சுற்றுலா வந்த குடும்பம் தேநீர்ச் சடங்கில் மண்டியிட்டு அமர்ந்திருக்க, தெட்சுஜி தன் கடைசி மடக்கைச் சர்ரென்று உறிஞ்சுகிறான். மனைவி சாயோகோ கூனிக்குறுகி அவன் விலாவில் இடிக்கிறாள். “நூடுல்ஸ் கடைன்னு நெனப்பா? மானம் போகுது.” தேநீர் கலக்கித் தந்த அம்மையாரோ அவனைக் குனிந்து வணங்குகிறார். “அந்தச் சத்தம் கேட்டாத்தாங்க குடிச்சு முடிச்சாச்சுன்னு எனக்குத் தெரியும்.” பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சாயோகோவின் கிண்ணத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார். அது சத்தமில்லாமல் எப்போதோ காலியாகிவிட்டது. காதுமடல் சிவக்க, முகம் மறையும்படி அதைத் தூக்கி வெறுங்காற்றை உறிஞ்சுகிறாள் சாயோகோ, கணவனைவிடப் பலமாக. மகள் மிசுகி எட்டிப் பார்க்கிறாள். “அம்மா, அதுலதான் ஒண்ணுமே இல்லையே?”