சிவப்புக் குமிழ்

கிர்ர்... கிர்ர்... டக்.

சத்தம் வண்டியின் பின்பக்கத்திலிருந்து வந்தது. லீனெட் குழந்தையை அணைத்தபடி எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கினாள்.

டார்ச் வெளிச்சத்தோடு ஓர் உருவம் நொண்டி நொண்டிப் போயிற்று.

ஹார்லன்! பக்கத்து வண்டிக் கிழவர். வீட்டு வண்டிகள் நிற்கிற அந்தப் பேட்டையில் ராப்பகலாகக் கதவைத் திறந்தே போட்டிருக்கிற ஒரே ஆள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

விடியும்வரை அவள் கண்ணை மூடவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால், பேட்டரி ஸ்விட்ச்சைத் திருப்பும் சிவப்புக் குமிழைக் காணோம். அணைத்து வைத்திருந்த ஸ்விட்ச், 'ஆன்' பக்கம் திரும்பி நின்றது.

"வண்டியை நிறுத்தினதும் பேட்டரியை அணைச்சிடு. மறந்தே, ரெண்டு மூணு நாள்ல செத்துடும்." காட்டுத்தீ அணைக்க வடக்கே போகும்போது கணவன் டீன் சொன்னது. இரண்டு மாதமாக ஒரு சாயங்காலம்கூட அவள் மறந்ததில்லை.

இப்போது அணைக்கவே முடியாது. குறடு போட்டுப் பார்த்தாள், அசையவில்லை.

வெள்ளிக்கிழமையோடு டீசல் வண்டிகளின் புகைச் சோதனைக்குக் கெடு முடிகிறது. அவள் வண்டியை ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். "எஞ்சின் கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே பதிவாகலியே, எதையாவது அழிச்சீங்களா?" என்று நேற்று சோதனை நிலையத்து எஸ்டெபன் திருடியைக் கேட்பதுபோல் கேட்டான். சோதனையில் தேறாவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாத வண்டிக்குப் பேட்டையில் இடமில்லை. அவளுக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் அந்த வண்டிதான் வீடு.

பேட்டரி செத்தால், வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பாது. அதுதானே கிழவரின் திட்டம்?

"உன் வண்டிப் புகை நேரா என் காபியிலதான் விழுது" என்று போன வாரம் எரிந்து விழுந்தவர். நேற்று சாயங்காலம் வந்து கதவை வேறு தட்டினார்.

"ஏம்மா, அந்தச் சோதனை..."

"பக்கத்துல வந்தா போலீஸைக் கூப்பிடுவேன்!" என்று உள்ளேயிருந்தே கத்தினாள்.

பேட்டையின் மேலாளர் டாட்டியிடம் ஓடினாள்.

"குமிழைத் திருடிட்டுப் போயிருக்காரு. என் கண்ணால பார்த்தேன்."

"ஹார்லனா? அது எதுக்கு அவனுக்கு?"

"நாங்க இங்கேருந்து தொலையணும். வேற எதுக்கு?"

டாட்டி போய்க் கேட்டுவிட்டு முகம் சிவக்கத் திரும்பினாள்.

"ஒத்துக்கிறான்! 'ஆமா, நான்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை குடுத்துடறேன்'ங்கிறான். எவ்வளவு கொழுப்பு பாரு!"

"வெள்ளிக்கிழமையா? அன்னிக்குத்தானே கெடு!"

"ஏதோ காரணம் சொல்ல வந்தான். நான் காதுலயே வாங்கல. சனிக்கிழமைக்குள்ள இடத்தைக் காலி பண்ணுன்னுட்டேன். பதினோரு வருஷமா இங்கே இருந்துட்டா, கைக்குழந்தைக்காரிகிட்ட வாலாட்டுவானா?"

லீனெட்டுக்குப் பாதி உயிர் வந்தது. பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து தினமும் குழந்தையைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டினாள். திரும்பி வரும்போதெல்லாம் ஹார்லன் அந்த நாற்காலியில்தான் இருந்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை. எஸ்டெபன் வண்டியில் வயரைச் செருகினான். திரையைப் பார்த்தான். கட்டைவிரலை உயர்த்தினான்.

"பாஸ்!"

"நிஜமாவா?"

"எஞ்சினோட ஞாபகம் இந்தத் தடவை முழுசா இருக்கு. போன ரெண்டு தடவையும் துடைச்சுவிட்ட சிலேட்டு மாதிரி இருந்துச்சு. கோளாறை மறைக்கத்தான் அழிச்சுட்டு வர்றீங்கன்னு நெனைச்சேன். கடைசியில, எல்லாம் அந்த பேட்டரி ஸ்விட்ச் பண்ணின வேலை. அதை அணைச்சா மொத்தமும் அழிஞ்சுடும்."

"இந்த வாரம் அணைக்க முடியல. யாரோ குமிழை..."

"ஓ, குமிழையே கழட்டிட்டாரா?" எஸ்டெபன் சிரித்தான். "பெரியவர் கில்லாடிதான்! பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்தவராம். திங்கட்கிழமை நீங்க போனதுமே வந்தாரு, அந்தப் பொண்ணு வண்டி ஏன் தேறலைன்னு கேட்டுக்கிட்டு. சொன்னேன். 'அடடா, தினம் சாயங்காலம் ஸ்விட்ச்சை அணைக்குதே! போய்ச் சொல்றேன். கதவைத் திறக்கலேன்னா வேற வழி பார்க்கிறேன்'னாரு."

லீனெட் பேட்டைக்குத் திரும்பினாள். எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் இடத்தின் ஓரத்தில், தண்ணீர்க் குழாய் மேல், சிவப்புக் குமிழ் இருந்தது. மசகு போகத் துடைத்து வைத்திருந்தார்.

ஹார்லனின் நாற்காலி மடிக்கப்பட்டு வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவு சாத்தியிருந்து அவள் பார்த்ததே இல்லை.

தட்டினாள்.

"மிஸ்டர் ஹார்லன்... நான்தான், லீனெட். டாட்டிகிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன். நீங்க எங்கேயும் போகக் கூடாது. கதவைக் கொஞ்சம் திறங்களேன்..."

நொண்டி நொண்டி வந்த காலடி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

டக்.

தாழ்ப்பாள் விழுந்தது, உள்ளேயிருந்து.