மூன்றாவது நிரல்

டென்மார்க்கிலிருந்து வந்த பெண்பிள்ளை ஓட்டோவிலிருந்து இறங்குவதைக் கண்டதும் இளையதம்பி பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

பளையில் அவரை டென்மார்க் இளையதம்பி என்றால்தான் தெரியும். ஆனால் அவர் டென்மார்க்கைக் கண்ணால் கண்டதில்லை.

டென்மார்க்குக்கு அனுப்புவதாகக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் அவரை மொஸ்கோவில் விட்டுவிட்டு, அடுத்த கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னான். ஆறு வருடம் வரவில்லை. அங்கே சந்தையில் மூட்டை தூக்கிய ஒரு நாளில், போனில் விமலேஸ்வரி அழுத அழுகையை நிறுத்துவதற்காக, டென்மார்க் வந்துசேர்ந்துவிட்டேன் என்று சொன்னார். ஊருக்குத் திரும்பிய பிறகு மனைவியிடம் அதைத் திருத்திச் சொல்ல நல்லநாள் ஒன்று வாய்க்கவில்லை.

சந்தியில் இருக்கும் போட்டோக்கொப்பிக் கடை சிற்றம்பலத்துடையது. அவர் நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம். விஜிதரன் ஜேர்மனியில் கோப்பை கழுவி ஏழு வருடம். இருவரையும் அந்தந்த நாடுகள் விசா மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தன. பின்னேரங்களில் மூவரும் அந்தக் கடையில் கூடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள், வீடு என்பதற்கு ஜேர்மன்காரர் என்ன சொல்லுவார்கள் என்று கதை வந்தது. ஹவுஸ் என்றான் விஜிதரன். எங்களுக்கு ஹூஸ் என்றார் சிற்றம்பலம். அன்றைக்குத் தொடங்கியது.

மூன்று நாட்டுச் சொற்களையும் வைத்து மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி. அதைக் கதைக்க விசா தேவையில்லை என்று விஜிதரன் சொன்னான்.

எழுதுவது சிற்றம்பலம். கொப்பியின் ஓரத்தில் தமிழ். பிறகு நெட்டுக்குக் கோடு போட்டு மூன்று நிரல்: ஜேர்மன், நோர்வே, டெனிஷ். இரண்டு நாடு ஒத்துப்போனால் சொல் தேறியது. அதைச் சிவப்பு மையில் எழுதுவார்.

டெனிஷுக்கு இளையதம்பி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அவருக்குத் தெரிந்தது ரஷ்யச் சொற்கள். பாணுக்கு ஹ்லேப் என்றார். மழைக்கு தோஷ்ட் என்றார். சிற்றம்பலம் ஒவ்வொன்றையும் இரண்டுதரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, தலையாட்டிவிட்டு எழுதுவார்.

இளையதம்பியின் சொல் மற்ற இரண்டோடும் ஒத்துப்போகவே இல்லை. பாலுக்கு மட்டும் கொஞ்சம் கிட்ட வந்தது.

"டென்மார்க்காரர் தனிப் பிறவியள் போல," என்று விஜிதரன் பகிடி பண்ணுவான்.

நானூறு சொல் சேர்ந்துவிட்டது. கொப்பியை இளையதம்பி ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. தான் சொன்ன பொய்யைத் திரும்பிப் பார்க்க யாருக்கு மனம் வரும், பாவம்.

இன்றைக்கு அதை இந்தப் பிள்ளை பார்க்கப்போகிறது. பிறகு இந்தக் கடையில் அவருக்குக் கதிரை இல்லை. இருட்டுவதற்குள் விமலேஸ்வரிக்கும் தெரிந்துவிடும்.

"அண்ணை, உங்களுக்குத் துணைக்கு ஆள் கொண்டந்திருக்கிறன்!" விஜிதரன் வாசலிலேயே தொடங்கிவிட்டான். "அக்கான்ர மகள், நிரோஜா. பிறந்ததே டென்மார்க்கிலதான். இனி ரெண்டுபேரும் கதையுங்கோ, நாங்கள் வாய் பாக்கிறம்."

பிள்ளை இளையதம்பியைப் பார்த்துச் சிரித்து, நீளமாக ஏதோ கேட்டாள். கேள்வி என்பது மட்டும் குரலில் தெரிந்தது.

இளையதம்பி வாயைத் திறந்தார்.

"பிள்ளை, இந்த மேசையில ஒரு நாட்டுப் பாசையும் முழுசாக் கதைக்கேலாது," என்றார் சிற்றம்பலம். "கதைச்சால் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தரவேணும். நீங்கள் முதல்ல கொப்பியைப் பாருங்கோ."

"இது எப்ப போட்ட சட்டம்?" என்றான் விஜிதரன்.

"இப்ப."

நிரோஜா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். மூன்றாவது நிரலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். பக்கம் புரட்டினாள். வீதியால் யாழ்ப்பாணம் போகும் பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது. எழும்பிப் போய்விடலாம் என்று இளையதம்பி நினைத்தார். கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்.

ஆறாம் பக்கத்தில் அவள் நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, மாமா. ஒரு பிழையும் இல்லை."

விஜிதரன் இளையதம்பியின் முதுகில் தட்டினான்.

"ஆனா இது நோர்வே மாமாவுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றாள் பிள்ளை. "கதைச்சாத்தான் வித்தியாசம். எழுத்தில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு. நோர்வேக்காரர் எங்கட பேப்பரை அப்பிடியே வாசிப்பினம்."

சிற்றம்பலம் எழும்பி, மெசினுக்குத் தாள் வைக்கப் போனார். அதில் தாள் நிறைய இருந்தது.

மாமனும் மருமகளும் பக்கத்துக் கடைக்கு ரோல்ஸ் வாங்கப் போனார்கள். இளையதம்பி கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார்.

பாணுக்கு நேரே வேறு ஏதோ இருந்தது. மழைக்கு நேரேயும் வேறு. அவர் சொன்ன ஒரு சொல்லும் அந்த நிரலில் இல்லை. முதல் நாள் எழுதிய முதற்சொல்லிலிருந்தே இல்லை.

சிற்றம்பலம் முதுகைக் காட்டிக்கொண்டு தாள்களைத் தட்டி அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார்.

இளையதம்பி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனார். எழுதாத தாள்கள் வந்தன. அவற்றையும் தாண்டி, கொப்பியின் கடைசியில், ஒரேயொரு நிரல் தனியாக இருந்தது. தமிழ் எழுத்தில். அவர் சொன்ன நானூறு சொல்லும், அவர் சொன்ன ஒழுங்கிலேயே, ஒவ்வொன்றுக்கும் நேரே கருத்தோடு.

நிரலின் தலையில், நாட்டின் பெயர் எழுதும் இடத்தில், சிவப்பு மையில் 'இளையதம்பி' என்று இருந்தது.