நத்தை உடுப்பு

சாக்கடைக்குள் மனிதர்கள் இறங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் ஜெனிட்டாவின் அம்மாவுக்கு நத்தை உடுப்பு மாட்டி இறக்கினார்கள். அதன் அடிப்பாகம் வழவழவென்று கசிந்து, அலை அலையாகச் சுருங்கி, குழாய்க்குள் ஊர்ந்துபோகும். முன்னால் மட்டும்தான் போகும். நத்தைக்கு ரிவர்ஸ் கிடையாது. அடுத்த மூடி வழியாகத்தான் மேலே வர வேண்டும்.

அந்த மூடியைக் காணோம். நேற்று அதன் மேலேயே தார் ரோடு போட்டுவிட்டார்கள்.

"ரோட்ட ஒடைங்க சார். காத்து தீந்துடும்," என்றாள் பதினாறு வயது ஜெனிட்டா.

"புது ரோடும்மா. நாளைக்குத் தொறப்பு விழா," என்றார் என்ஜினியர். "உள்ள இருக்கறது மெஷினு. ரெக்கார்டுல ஆளுங்க யாரும் இல்ல."

அவள் வயர்லெஸ்ஸை அவர் காதில் அழுத்தினாள்.

"ஜெனி, மூச்சு முட்டுதுடி," என்றது அம்மாவின் குரல்.

"மெஷினு எம்பேரச் சொல்லுது. நீயே பதில் சொல்லு."

ஜெனிட்டா பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து கடப்பாரையை உருவினாள்.

"யம்மா, மேல தட்டு. சத்தம் வர்ற எடத்துல ஒடைக்கிறேன்."

என்ஜினியரின் ஷூவுக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது.

"நவுரு," என்றாள்.